பொறுமையளவி

விடையன் என்ற பேசும் எந்திரம் வந்த பிறகு வரி அலுவலக வாசலில் யாரும் கால்கடுக்க நின்றதில்லை. கைப்பேசியில் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடும். எந்த ஊர்க்காரர் எதைக் கேட்டாலும் உடனே பதில் உண்டு. விடையன் பொய் சொல்லக் கூடாது என்று சட்டமே போட்டிருந்தார்கள். கூடுதலாகக் கட்டிய வரி எப்போது திரும்பி வரும் என்பதற்குத்தான் சட்டம் எதுவும் இல்லை.

கரூரில் துண்டும் போர்வையும் நெய்து விற்கும் நாச்சிமுத்து, ஆடி மாதத்திலிருந்து வாரம் தவறாமல் விடையனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தனக்குத் திரும்பி வரவேண்டிய வரிப் பணத்தை நம்பித்தான் மனைவி பாப்பாத்தியின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் கோயம்புத்தூரில் நாள் வாங்கியிருந்தார். தை பிறந்ததும் சிகிச்சை. அதற்கு முன் பணம் கட்டாவிட்டால் அந்த நாள் வேறொருவருக்குப் போய்விடும், மறுபடி நாள் கிடைக்க ஒரு வருடமாவது ஆகும் என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"வணக்கமுங்க. சாப்பாடு ஆச்சுங்களா?" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார்.

"நான் உண்பதில்லை. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று விடையன் சொல்லும்.

"பரவால்லீங்க. உங்களுக்கும் ராப்பகலா வேலை. ஊட்ல அம்மணிக்கு முழங்கால் ரொம்ப மோசமுங்க, அதான் கேட்டேன். நீங்க மெதுவாப் பாருங்க, அவசரமில்லீங்க."

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பாப்பாத்திக்கு இதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். "ஏனுங்க, நீங்க பணம் கேக்கறீங்களா, பொண்ணு கேக்கறீங்களா?" என்பாள்.

"எந்திரமா இருந்தா என்ன புள்ள, வாயத் தொறந்ததும் பணமுன்னு கேக்க முடியுமா?"

அவரால் முடியாது. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்றாலும் முதலில் தண்ணீர், பிறகு சாப்பாட்டு விசாரணை, கடைசியில்தான் காரியம் என்று பழகிய வாய் அது. அறுபது வயதுக்கு மேல் அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

பக்கத்துத் தறிக்காரர் குழந்தைவேலு அவருக்கு வெகுநாள் பின்னால் விண்ணப்பித்தவர். அவருக்குப் பணம் வந்துவிட்டது. "சும்மாவா வந்துச்சு? கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். உள்ளார பொறுமையளவின்னு ஒண்ணு வெச்சிருக்கானுங்க மாமா. அது நம்ம குரலத்தான் பாக்குது" என்றார்.

நாச்சிமுத்து நம்பவில்லை. நேரே விடையனிடமே கேட்டார். பொய் சொல்லத் தெரியாத விடையன் எல்லாவற்றையும் சொன்னது.

"ஒவ்வொரு நாளும் திருப்பித் தருவதற்கு ஓர் அளவு பணமே ஒதுக்கப்படுகிறது. யாரால் இனியும் காத்திருக்க முடியாதோ அவருக்கு முதலில் தரப்படும். மூச்சின் வேகம், குரலின் நடுக்கம், சொல்லின் சூடு ஆகியவற்றைப் பொறுமையளவி அளக்கிறது. தங்கள் பொறுமை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு."

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு மதிப்பெண் வாங்காதவர் ஒரு நொடி பூரித்துப் போனார். அதன் பிறகே விஷயம் உறைத்தது.

"அப்ப எனக்கு எப்பங்க வரும்?"

"தங்களால் பொறுக்க முடியாமல் போகும்போது."

பேருந்து நிலையத்துக்கு எதிரே சினப் பயிற்சிக் கூடம் ஒன்று திறந்திருந்தார்கள். ஊருக்கு ஊர் அப்படி முளைத்திருந்த காலம். நடித்துக் கத்தினால் பொறுமையளவி கண்டுபிடித்துவிடும் என்பதால், உள்ளபடியே கோபம் வரவழைக்க அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை மரியபுஷ்பம்.

"அந்த ஃபோன ஒங்க எதிரின்னு நெனைச்சுக்கிடுங்க" என்றார் அவர்.

"எதிரியா இருந்தாலும் ஊட்டுக்கு வந்தா ஒரு வாய் தண்ணி குடுக்கோணுமில்லீங்க?"

மரியபுஷ்பம் மேசையைத் திறந்து கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஒங்களுக்கு இது வராது சார். வீட்டுல கோவக்காரங்க வேற யாரும் இருக்காங்களா?"

இருந்தாள். நாச்சிமுத்துக்கு இது இத்தனை நாள் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். ஒரு கணக்குக்கு ஒரு குரல் என்பது விதி. குரலை மாற்றலாம், ஆனால் வருடத்துக்கு ஒரு முறைதான். அன்று மாலையே தன் குரலை எடுத்துவிட்டு மனைவியின் குரலைப் பதிந்தார்.

பாப்பாத்தி மறுநாள் காலையில் முகம் கழுவி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பேசியின் முன்னால் உட்கார்ந்தாள். பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. ஆறு மாதக் கடுப்பு முழுவதும் அவள் தொண்டையில் தயாராக இருந்தது. நாச்சிமுத்து, அவள் சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசற்படியில் வந்து நின்றுகொண்டார்.

விடையன் எடுத்தது. பாப்பாத்தி வாயைத் திறப்பதற்குள் அது முந்திக்கொண்டது.

"வணக்கமுங்க அம்மணி. சாப்பாடு ஆச்சுங்களா? முழங்கால் இப்ப எப்படிங்க இருக்குது?"

பாப்பாத்தியின் வாய் திறந்தபடியே நின்றது. "எந்திரிச்சா வலிக்குதுங்க" என்றாள்.

"ராத்திரி தூக்கம் வருதுங்களா?"

"எங்கீங்க வருது? பொரண்டு படுத்தா உசுரு போகுது. அவரு எந்திரிச்சுருவாருன்னு வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கறேன். அடுப்படியில மேடையப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். என்ற தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போகாததுக்கு ஊரெல்லாம் ஒரு பேச்சு. நான் மண்டபத்துப் படிய நெனச்சுத்தான் போகுலீங்க."

நாச்சிமுத்துக்கு இதில் பாதி புதுச் செய்தி. விடையன் நடுநடுவே "ஆமாங்க", "பாவமுங்க" என்று கேட்டுக்கொண்டது. பாப்பாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, "செரிங்க, நீங்களும் எத்தன பேருக்குத்தான் பதில் சொல்லுவீங்க? மெதுவாப் பாருங்க, அவசரமில்லீங்க" என்றாள்.

"ஏம்புள்ள, பணத்தக் கேட்டியா?" என்றபடி உள்ளே வந்தார் நாச்சிமுத்து.

"அது எல்லாத்தையும் கேட்டுச்சு." அவள் குரலில் சூடே இல்லை. "நீங்க ஊர்ல அத்தன பேரையும் விசாரிக்கறீங்க. எந்திரத்தக்கூடச் சாப்டியான்னு கேக்கறீங்க. ராத்திரி தூக்கம் வருதான்னு என்னைய ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. அவள் காலைப் பற்றி வாராவாரம் விடையனிடம் சொல்லியிருக்கிறார், அவளிடம் கேட்டதில்லை. அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் தன் மேலிருந்து கிளம்பி, போக வேறு இடமில்லாமல் கைப்பேசியின் மேல் திரும்பியது. பிடுங்கினார்.

"டேய், எங்கடா கத்துக்கிட்ட இந்தப் பேச்ச? காலு போச்சுன்னு ஒருத்தி அழுதுக்கிட்டிருக்கறா, அவகிட்டப் போயி நீ நலம் விசாரிக்கறியா? காச வெய்டா கீழ!"

வாழ்நாளில் யாரையும் 'டா' போட்டுப் பேசாதவர். பாப்பாத்தி அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்டத்தானுங்க கத்துக்கிட்டது" என்றது விடையன். "எல்லாரும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க, ஒதுக்கற பணம் பத்தலீங்க. பொறுமையானவங்க எப்படிப் பேசறாங்கன்னு பழைய பதிவுகளப் பாக்கச் சொன்னாங்க. உங்க பேச்சுதான் மொதல்ல வந்துச்சுங்க. இப்ப நாடு பூராவும் அப்படித்தான் பேசறனுங்க. நல்லா வேல செய்யுதுங்க."

"என்ற பணம்?"

"உங்க பொறுமை இப்ப நூத்துக்கு மூணுதானுங்க. நேத்துன்னா உடனே போட்டிருப்பனுங்க. ஆனா இந்த வருசம் பூரா இந்தக் கணக்குக்கு அம்மணி குரல்தானுங்க. அவங்களுது தொண்ணூத்தொம்பது."

நாச்சிமுத்துக்கு மூச்சு வாங்கியது. இன்னும் என்னவெல்லாமோ சொல்ல நாக்கு துடித்தது. விடையன் அவரை அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டது.

"இனிமேத்தானுங்க" என்றார் நாச்சிமுத்து.