வயிறு உப்பிய கேன்

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்... சலவைத்தூள் உற்பத்தியின் வரலாற்றிலேயே பொன்னால் பொறிக்கத்தக்க நாள் இது! 'விபத்து' என்ற சொல்லையே நமது ஆலை தன் அகராதியிலிருந்து அகற்றிவிட்டது!"

மைக்கைப் பிடித்து முழங்கினார் மேனேஜர்.

கைதட்டல் இல்லை.

எப்படி இருக்கும்? எதிரே இருந்தவை அத்தனையும் காலி நாற்காலிகள். பாதுகாப்பு வார விழா தொடங்க இன்னும் நேரமிருந்தது. இது வெறும் ஒத்திகை!

பக்கத்தில் கண்காட்சி மேஜை. பூட்டிய ஷோகேஸுக்குள் புத்தம் புதிய சாதனங்கள். ஷோகேஸுக்கு வெளியே, மேஜையில் நடுநாயகமாக ஓர் அலுமினிய கேன். உள்ளே சோடியம் சிலிக்கேட் கரைசல். தேன் போலக் கெட்டி, பளிங்கு போலத் தெளிவு, சோப்பை விட வழுக்கல். காய்ந்தால் கண்ணாடிச் சில்லாகிவிடும். அதனால் ஆலையில் அதற்குப் பெயர் 'கண்ணாடிக் கஞ்சி'.

டிரிங்... டிரிங்...!

இன்டர்காம்.

"யாருய்யா?"

அடைத்துப் போன குரல். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. ஆணா, பெண்ணா... தெரியவில்லை.

"அந்த கேன்ல கை வெச்சா... கண்ணு ரெண்டும் போயிடும்..."

"மேனேஜரையே மிரட்டறியா? ராஸ்கல்!"

டொக்! ரிசீவரை வைத்தார்.

யார்? மச்சினன்தான்! மனைவியின் தம்பி. ஸ்டோர் கீப்பர். உதவி மேனேஜர் பதவி கேட்டுக் கிடைக்காமல், நேற்று வீட்டுக்கே வந்து கத்தியவன். 'இதுக்கு ஒருநாள் நீங்க கண்கலங்குவீங்க, மாமா!'

கண்...!

மெல்ல கேனைப் பார்த்தார்.

கேனின் வயிறு உப்பியிருந்தது. அவருடைய வயிறு வருடக்கணக்காக உப்பியதுதான். ஆனால் கேன் போன வாரம் ஒல்லியாக இருந்ததே?

'உள்ளே எதையோ போட்டு வெச்சிருக்கான்!'

புத்தியுள்ளவன் விலகியிருப்பான். அவர் மேனேஜர். மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ்... டப்!!

"ஆஆஆ...!"

மைக் அணைக்கப்படவில்லை. அந்த அலறல் வாசல் கேட்டிலிருந்து பாய்லர் ரூம் வரை எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. அன்றைய நாளில் அவர் மனதாரப் பேசிய முதல் வார்த்தை அதுதான்!

முகமெல்லாம் கொழகொழப்பு. கண்ணுக்குள் நெருப்பு. ஓடப் பார்த்தார். கால் வழுக்கிற்று. தொப்பென்று விழுந்தார்.

யாரோ அவர் காலரைப் பிடித்தார்கள். தரதரவென்று இழுத்தார்கள்.

"யா... யாரது?"

"வாயை மூடிட்டு வாங்க!"

அதே குரல்! போனில் கேட்ட அதே அடைத்த குரல்! இப்போது காதுக்குப் பக்கத்தில்...!

பிடரியில் ஒரு கை. தலை கீழே அமுக்கப்பட்டது. தண்ணீர் பீறிட்டு முகத்தில் அறைந்தது.

"கொல்றாங்க! காப்பாத்துங்க!"

"கண்ணைத் திறங்க!"

"மாட்டேன்!"

இரண்டு விரல்கள் அவர் இமையைப் பிளந்தன. ஐயோ... தோண்டப் போகிறார்கள்!

ஓடி வரும் காலடிச் சத்தம். மச்சினனின் குரல்.

"ஐயையோ! ஆசிட் கொண்டு வரட்டுமா?"

ஆசிட்டா?! ரெண்டு பேரும் கூட்டா?!

"டேய்! உங்க அக்காவை நினைச்சுப் பாருடா!"

"அக்காவை நினைச்சுத்தான் கேக்கறேன், மாமா! இது காரம்தானே? ஆசிட் ஊத்தினா சரியாப் போயிடாது?"

"ஒரு சொட்டு ஊத்தினே... உன்னை அந்தக் கேன்லயே அடைச்சுடுவேன்!" சீறியது அடைத்த குரல். "சூடேறி, கூழா உறைஞ்சு, இமைக்குள்ளயே ஒட்டிக்கும். தண்ணிதான். வெறும் தண்ணி. குழாயை முழுசாத் திற!"

சொல்லிக்கொண்டே எதையோ கழற்றி எறிந்தது அந்த உருவம். குரல் பளிச்சென்று தெளிந்தது.

"சார், நான்தான். கெமிஸ்ட். கண்ணைக் கசக்காதீங்க."

"நீயாம்மா? மீட்டிங்ல உன்னைப் பேச விடலேன்னு பழி வாங்கறியா?"

"கால் மணி நேரம் தண்ணியில இருங்க. அப்புறம் பழியைப் பத்திப் பேசலாம்."

"கால் மணி நேரமா? செத்துடுவேன்!"

"மூச்சு விடுங்க சார். அதை யாரும் தடுக்கலை."

தண்ணீர் ஓடியது... ஓடிக்கொண்டே இருந்தது.

மேனேஜர் தாமாகவே கண்ணைத் திறந்து பார்த்தார்.

வெள்ளை.

வெறும் வெள்ளை!

"எனக்கு... ஒண்ணுமே தெரியலையே..."

மேனேஜர் கையால் துழாவி மச்சினனின் சட்டையைப் பிடித்தார்.

"காலையில கிளம்பும்போது உங்க அக்கா ஏதோ சொல்ல வந்தாடா. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. பேச்சை மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன்..."

"பேசாதீங்க மாமா." மச்சினன் மூக்கை உறிஞ்சினான்.

"இன்னும் கொஞ்சம் சார்... இன்னும் கொஞ்சம்." கெமிஸ்ட் இமையை இன்னும் அகலமாகப் பிரித்தாள்.

வெள்ளைக்குள் ஒரு நிழல் அசைந்தது.

"கறுப்பா... உருண்டையா... ஏதோ தெரியுது!"

"அது என் தலை, மாமா!"

"யாரும் நகரக் கூடாது!"

வாசலில் இன்ஸ்பெக்டர்! விழாவின் சிறப்பு விருந்தினர். கேட்டில் நுழையும்போதே ஸ்பீக்கரில் அலறலைக் கேட்டு, ஆலை முழுக்கத் தேடி வந்தவர். துப்பாக்கியோடு பாய்ந்தார்.

டமால்!

யாரும் நகரவில்லை. அவர்தான் நகர்ந்தார், மல்லாக்க, மேஜை வரைக்கும்.

"கஞ்சி வழுக்கும் சார்," என்றாள் கெமிஸ்ட். "மணல் போடச் சொல்றேன்."

எழுந்த இன்ஸ்பெக்டர் கௌரவத்தைத் தூசு தட்டிக்கொண்டு, ஒரு சிகரெட்டை எடுத்தார்.

"அதுவும் வேண்டாம் சார். கேன்லேருந்து வந்தது ஹைட்ரஜன். பத்திக்கும்."

சிகரெட் பாக்கெட்டுக்குத் திரும்பியது.

"கொலை முயற்சி! யார் மேல சந்தேகம்?"

மேனேஜர் மங்கிய கண்ணோடு கையை நீட்டினார். "இதோ நிக்கறானே... இவன்தான்!"

"அது மைக் ஸ்டாண்டு, மாமா."

"கேன்ல கரைசலை ஊத்தினது யாரு?" உறுமினார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார்," என்றான் மச்சினன்.

விலங்கு கிளிக்கென்றது!

"பிளாஸ்டிக் பீப்பாய் பார்க்க அசிங்கமா இருக்கு, அலுமினியத்துல ஊத்தி வை, போட்டோவுல பளபளன்னு விழும்னு மாமாதான் சொன்னாரு."

விலங்கு யோசித்தது.

"அந்தக் காரம் அலுமினியத்தைத் தின்னும்," என்றாள் கெமிஸ்ட். "தின்னா வாயு வரும். இறுக்கி மூடின கேன், வாயு எங்கே போகும்? அலுமினியத்துல ஊத்தினதே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். உடனே போன் பண்ணினேன். பவுடர் செக்‌ஷன்ல நின்னுட்டிருந்தேன், மூச்சுல தூள் போனா நெஞ்சை அரிச்சுடும், மாஸ்க்கைக் கழற்ற முடியாது. சார்தான் ராஸ்கல்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. மாஸ்க்கோடயே ஓடி வந்தேன்."

மேனேஜருக்கு வியர்த்தது. ஆனாலும் மேனேஜர்!

"எல்லாம் சரி! முறைப்படி கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா? இந்த ஆலையில ஒரு கண்ணாடிகூட யார் கைக்கும் கிடைக்கலை! பதுக்கினவன் எவனோ, அவன்தான் கொலைகாரன்! விடாதீங்க, சார்!"

இன்ஸ்பெக்டர் மெல்ல ஷோகேஸ் பக்கம் திரும்பினார்.

உள்ளே வரிசையாகப் பாதுகாப்புக் கண்ணாடிகள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்... பளபளவென்று! மேலே ஓர் அட்டை: 'தொடாதீர்! காட்சிக்கு மட்டும். - மேனேஜர்.'

"சாவி யார்கிட்ட?"

மச்சினன் மாமாவின் சட்டைப் பையைத் தட்டினான். கஞ்சி பட்டுக் காய்ந்து, பை கண்ணாடித் தகடு போல விறைத்திருந்தது. தட்டியதும் நொறுங்கியது.

கிளிங்!

சாவி தரையில் விழுந்தது.

"குற்றவாளி சொன்னபடியே கிடைச்சுட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆமா... நான் ரிப்பன் வெட்டித் திறந்து வைக்க வேண்டிய கண் கழுவும் குழாய் எங்கே?"

கெமிஸ்ட் ஈரக் கையால் காட்டினாள். கிழிந்த ரிப்பன் குழாயில் தொங்கியது.

"சார் முகத்தாலேயே திறந்து வெச்சுட்டாரு."

ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்தபோது மேனேஜர் முதலில் பார்த்தது மனைவியின் முகத்தை. இந்த முறை அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். அது இங்கே அச்சேறத் தகுந்ததல்ல.

பாதுகாப்பு வார முதல் பரிசு பக்கத்து ஆலைக்குப் போனது. அங்கே பாதுகாப்புக் கண்ணாடிகள் மாட்டி மாட்டி அழுக்காக இருந்தன.