ஒரு சாண் இடப்பக்கம்

சிட்டுவின் கண்கள் இடம் மாறியிருந்தன.

போனில் பார்த்தபோது அப்படி இல்லை. போனில் குழந்தை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவரை ஒட்டிப் போட்ட முக்காலியில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பள்ளிக்கூடத்துக்கான படம் என்பதால் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் படத்தைப் புதுப் பள்ளியின் விண்ணப்பப் பக்கம் மூன்று முறை துப்பிவிட்டது. 'ஜேபெக் கோப்புகள் மட்டுமே ஏற்கப்படும்' என்று சிவப்பில் ஒரு வரி. போன் எடுத்த படமோ வேறு ஏதோ வகை. அந்த போனைத் தவிர வேறு யாருக்கும் அதன் அருமை தெரியாது போலிருக்கிறது. ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம், மணி மூன்றாகியிருந்தது. சிட்டுவின் அம்மா லேப்டாப்பில் தேடி, படங்களை இலவசமாக மாற்றித் தரும் ஒரு தளத்தைப் பிடித்து, கோப்பை அதில் போட்டு, பச்சைக் கோடு ஊர்ந்து முடியும்வரை காத்திருந்து, வந்ததைத் திறந்தாள்.

அதே சுவர். அதே முக்காலி. அடக்கிய அதே சிரிப்பு. பார்வை மட்டும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் போயிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்குப் பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. கண்ணாடிக் கடையின் பின்னறையில், வருகிறவர்களைத் தாடையை ஊன்றி உட்காரச் சொல்லி, சின்ன விளக்கைக் கண்ணில் அடித்து, அந்த வெளிச்சப் பொட்டு இரண்டு கருவிழியிலும் எங்கே விழுகிறது என்று பார்க்கிறவள். நேராகப் பார்த்தால் பொட்டு நடுவில் விழும். மாறுகண் என்றால் ஒரு கண்ணில் நடுவிலும் மறு கண்ணில் ஓரத்திலும் விழும். சிட்டுவுக்கு அப்படியும் இல்லை. இரண்டு பொட்டும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தன. கண்ணில் கோளாறு எதுவும் கிடையாது. குழந்தை எதையோ பார்க்கிறது. போனைப் பிடித்தவரின் இடப்பக்கம், தோளுக்குச் சற்று மேலே, ஆள் உயரத்தில்.

தம்பிக்கு போன் போட்டாள். கணினி பழுது பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கலைத்தால் எரிந்து விழுவான்.

"லீவு நாள்ல கூட யாரு கண்ணையாவது நோண்டலன்னா உனக்குத் தூக்கம் வராதாக்கா?"

"விளையாடாதடா. போன்ல ஒரு மாதிரி இருக்கு, மாத்தினா வேற மாதிரி வருது."

"அது ஒரே படம் இல்லக்கா, வெங்காயம் மாதிரி. நீ அமுக்குறதுக்கு முன்னாடி பின்னாடி ஓடுற நொடியெல்லாம் உள்ள அடுக்கி வச்சிருக்கும். நல்லதா ஒண்ண மேல காட்டும். மாத்துற தளம் மட்டமா இருந்தா அடியில கெடக்குறதத் தூக்கிக் கொடுத்துடும். அவ்வளவுதான்."

"அப்ப இதுவும் நெசமா நடந்ததுதானா?"

"நடக்காதத போன் எப்படிக்கா எடுக்கும்?" என்று கொட்டாவி விட்டு வைத்துவிட்டான்.

அந்தக் கொட்டாவியோடு பயம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் சந்தேகம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

படம் வியாழக்கிழமை மதியம் எடுத்தது. அன்றைக்கு அவள் நகரத்தின் மறு கோடியில், ஒரு தொழிற்சாலையில் நடந்த கண் பரிசோதனை முகாமில் இருந்தாள். காலையில் போனவள் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்பினாள். வீட்டில் இருந்தது அவள் கணவனும் குழந்தையும் மட்டும். படத்தை எடுத்து அவளுக்கு அனுப்பியதும் அவன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அன்று அவனுக்கு விடுமுறை. அப்படியானால் அவன் தோளை ஒட்டி நின்றது யார்? குழந்தை பயப்படாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்க்கிற அளவுக்குப் பழகிய ஆள் யார்? செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி சில விஷயங்கள் ஒரு மாதமாகவே அவளை உறுத்திக்கொண்டிருந்தன. மாலையில் வந்தால் தொட்டியில் இரண்டு தம்ளர் கிடக்கும். அவள் சீப்பில், காலையில் அவள் எடுத்துப் போட்ட பிறகும், நீள முடி சுற்றியிருக்கும். கேட்டால் சிறுமை என்று விழுங்கியிருந்தாள்.

அவன் எடுத்து அனுப்பியிருந்த படங்களையெல்லாம் தேடி எடுத்தாள். பூங்கா ஊஞ்சல், மாடிப்படி, பேருந்து நிறுத்தம், குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கும் சிட்டு. பதினான்கு படம். ஒவ்வொன்றாக மாற்றினாள். பச்சைக் கோடு பதினான்கு முறை ஊர்ந்தது. தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்றது. அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

பதினான்கிலும் அதே ஒரு சாண்.

ஜன்னல் பக்கம் தரையில் குப்புறப் படுத்துக் கோடு கிறுக்கிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"சிட்டு, அப்பா போட்டோ எடுக்கும்போது யாரைடா பார்த்த?"

"அம்மாவ," என்றது குழந்தை, கிறுக்குவதை நிறுத்தாமல். ஐந்து வயதுக்கு இதுவும் ஒரு கேள்வியா என்ற அலுப்பு குரலில் இருந்தது.

யாரோ சொல்லிக் கொடுத்த பதில் என்று நினைத்தாள். கணவனுக்குப் போன் போட்டாள். எங்கோ ஒரு கட்டடத்தில் பாதியில் நின்ற லிஃப்டை மீட்கப் போயிருந்தான். அவன் குரலோடு குழிக்குள்ளிருந்து இரும்புச் சங்கிலி உரசும் சத்தமும் வந்தது.

"ஏங்க, வியாழக்கிழமை பாப்பாவப் போட்டோ எடுத்தீங்கள்ல, அப்ப பக்கத்துல நின்னது யாரு?"

சங்கிலி நின்றது. "என்ன கேள்வி இது?"

"யாருன்னு கேட்டேன்."

"நீதான்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மதியம் வந்தியே. செருப்பக் கூடக் கழட்டாம வந்து பக்கத்துல நின்ன. சாப்டியான்னு கேட்டேன், ஒரு வார்த்தை பேசல. என்ன கோபமோன்னு நானும் விட்டுட்டேன். திரும்பிப் பார்த்தா ஆளக் காணோம்." கொஞ்சம் தயங்கினான். "இப்பல்லாம் நீ அடிக்கடி அப்படித்தான் வந்து நிக்கிற. நானே கேக்கணும்னு இருந்தேன். உடம்புக்கு ஏதாவதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது. ஒன்பது வருடத்தில் அவன் சொன்ன பொய்களையெல்லாம் அவன் வாயைத் திறந்த உடனேயே அவள் பிடித்திருக்கிறாள். இப்போது அவன் குரலில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. அக்கறை மட்டும்தான் இருந்தது. இது பொய்யாகவே இருந்துவிடக் கூடாதா, யாரோ ஒருத்தி வந்து போகிறாள் என்றே இருந்துவிடக் கூடாதா என்று அவள் மனம் ஏங்கியது. அப்படி ஏங்குவது அவளுக்கே விந்தையாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வாங்க," என்று வைத்தாள்.

முதல் படத்தைத் திரும்பத் திறந்து பெரிதாக்கினாள். முகம் திரையை விட்டு வழிந்தது. ஒரு கண் மட்டும் நின்றது. அதையும் பெரிதாக்கினாள். கருவிழியின் பளபளப்பில் ஜன்னல் வளைந்து தெரிந்தது. அதன் முன்னால், கையை உயர்த்தி போனைப் பிடித்தபடி கணவனின் உருவம், கட்டை விரல் அளவில். அவனுக்கு இடப்பக்கம் இன்னொரு உருவம். அவள் உயரம். அவள் தோள். அவள் வகிடு எடுக்கிற இடத்திலேயே வகிடு. தாடை கிட்டத்தட்ட அவன் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் இருந்தன.

எங்கிருந்தோ கண்ணாடி துடைக்கும் திரவத்தின் வாசனை வந்தது. கடையில் நாளெல்லாம் அவள் விரலில் ஒட்டிக் கிடக்கிற வாசனை. விரலை மோந்து பார்த்தாள். காலையில் தேய்த்த சோப்புதான் மணத்தது.

வாசனை இடப்பக்கமிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்பாமல், தான் எடுத்த படங்களைத் தேடினாள். இரண்டு வாரத்துக்கு முன், சமையலறை வாசலில் சிட்டு. போன வாரம், பல் விழுந்த வாயைத் திறந்து காட்டும் சிட்டு. இவற்றை எடுக்கும்போது வீட்டில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பச்சைக் கோடு.

ஒரு சாண் இடப்பக்கம்.

அடுத்தது. கோடு.

ஒரு சாணுக்கும் குறைவு. நான்கு விரல்.

நேற்று எடுத்தது. இரண்டு விரல்.

அது கிட்டே வந்துகொண்டிருந்தது.

மணி நாலே முக்கால். வெளியே வெயில் இன்னும் சுவரில் இருந்தது. பேய்க்கு உரிய நேரமே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போனை எடுத்தாள். தலைமுடியை இழுத்துக் கொண்டையாக முடிந்துகொண்டாள். அவள் உடுத்தியிருந்தது மஞ்சள் நைட்டி. எங்கிருந்தாலும் பளிச்சென்று தெரியும்.

"சிட்டு, எழுந்திரு. ஜன்னலப் பார்த்து நில்லுடா. அம்மாவப் பாரு. நேரா அம்மாவ மட்டும் பாரு."

குழந்தை எழுந்து நின்றது. பார்த்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று அவள் அமுக்கினாள்.

நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்து கோப்பைப் போட்டாள். கோடு ஊர்ந்தது. பாதியில் நின்றது. மின்விசிறியின் 'டக்' நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. கோடு மறுபடி நகர்ந்தது. முடிந்தது.

திறந்தாள்.

சிட்டு நேராகப் பார்த்தது. நூல் பிடித்தாற்போல நேராக. இரண்டு பொட்டும் கருவிழியின் நட்டநடுவில் இருந்தன.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். கண்ணில் நீரே வந்துவிட்டது. மட்டமான தளம், தூங்கி வழிகிற தம்பி, மறதி பிடித்த கணவன், இவ்வளவுதான் விஷயம். இந்தப் படத்தையே பள்ளிக்கு அனுப்பிவிடலாம். அனுப்பும் முன், ஒரே ஒரு தடவை, கண்ணைப் பெரிதாக்கினாள்.

ஜன்னல். அதன் முன்னால் இரண்டு உருவம்.

நடுவில் நிற்கிற உருவத்தின் கையில் போன் இருந்தது. அதன் தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. உடை கறுப்பு.

மஞ்சள், ஓரத்தில் இருந்தது. இடப்பக்கம். ஒரு சாண் தள்ளி. சின்னதாக.

அவள் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. நைட்டியைப் பார்த்தாள். மஞ்சள். மேசையைப் பார்த்தாள். லேப்டாப் அவளுக்கு நேரே இல்லை. கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருந்தது. அதன் எதிரே இருந்த நாற்காலியின் மெத்தை, யாரோ உட்கார்ந்ததைப் போல அமுங்கியிருந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள்?

"சிட்டு," என்றாள். குரல் வந்தது போல்தான் இருந்தது.

குழந்தை ஜன்னல் பக்கமிருந்து ஓடி வந்தது. வெறுங்கால் தரையில் தப் தப்பென்று வந்தது. மேசைக்கு ஓர் எட்டு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தது. பார்வை அவளைத் தொடவில்லை.

"சிட்டு. இங்க. அம்மா இங்க இருக்கேன்டா."

குழந்தை சிரித்தது. பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தது. காலியான நாற்காலிக்கு எதிரே இரண்டு கையையும் உயர்த்தியது.

"அம்மா, தூக்கு."

அவள் பாய்ந்து கையை நீட்டினாள். விரல் எதிலும் படவில்லை.

நாற்காலி மெத்தை மெல்ல நிமிர்ந்தது.

சிட்டுவின் சட்டை, இரண்டு அக்குளுக்கும் கீழே, பத்து விரல் பதிந்தாற்போலச் சுருங்கியது. குதிகால்கள் எழும்பின. பிறகு கட்டை விரல்களும் தரையை விட்டன. குழந்தை மேலே, மேலே போய், ஆள் உயரத்தில் நின்று, ஒன்றுமில்லாத இடத்தில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடியது.