பெயர்ச் சக்கரம்

மணி அடித்துப் பிள்ளைகளெல்லாம் ஓடிப்போன பிறகும் கடைசி பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வெளியே மழை, சாக்கடை ஓடை வாடையும் ஆரியசாலைச் சந்தைக் கிடங்குகளின் வற்றல் மிளகாய் நெடியும் ஈரக்காற்றில் கலந்து ஜன்னல் வழியே வகுப்புக்குள் ஏறிக்கொண்டிருக்க, மின்விசிறி கறக் கறக்கென்று முனகியது. சரோஜம் டீச்சர் மடிக்கணினியை மூடிக்கொண்டே எரிந்து விழுந்தாள்.

"லே, வீட்டுக்குப் போற எண்ணம் இல்லியா? உனக்குன்னு தனியா மணி அடிக்கணுமோ?"

அவன் அசையவில்லை. புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்திருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாட்ச்மேன் வேதமாணிக்கம் சாவிக்கொத்தோடு வந்தார். "டீச்சரே, பூட்டட்டா?"

"முதல்ல அந்தப் பயல எழுப்பி விடும்."

அவர் எட்டிப் பார்த்தார். "எந்தப் பய? உள்ள ஆரும் இல்லல்லோ."

கிழவனுக்குக் கண்ணும் போயிற்று என்று நினைத்தபடி இறங்கினாள். வாசலில் அந்தப் பையனின் அம்மா, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், சின்ன மகளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். "உன் மகன் மேல இருக்கான்" என்றதும் அவள் சிரித்தாள். "எனக்கு இவ ஒருத்திதான டீச்சர்."

தூ, பெற்ற பிள்ளையைக்கூட நினைவில்லாத ஜென்மங்கள்.

சரோஜத்துக்கு அந்த வகுப்பில் யாரையும் பிடிக்காது. தமிழ் மீடியத்தில் தலை குறைந்தால் வகுப்பு டிவிஷன் போகும், டிவிஷன் போனால் வேலை போகும். அதற்காக ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கொத்தனார், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரன் வீட்டுப் படியெல்லாம் ஏறி, பல்லைக் காட்டி, பிள்ளை பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் ஆள் போதாமல், இங்கிலீஷ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த தன் மகள் ஜினுவையே இழுத்து வந்து மூன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தாள். முன் பெஞ்சில் ரெட்டைப் பின்னலோடு இருந்த ஜினு மட்டும்தான் அவளுக்குப் பிள்ளை. மற்றதெல்லாம் தலைக்கணக்கு.

அன்று காலையில்தான் பெயர்ச் சக்கரத்தைக் கொண்டு வந்திருந்தான் கம்ப்யூட்டர் மாஸ்டர் ஸ்ரீஜித். "காசே வேண்டாம் டீச்சரே, நெட்டுல சும்மா கிட்டும்" என்று ஈயென்று இளித்தான். பிள்ளைகளின் பெயர்களை உள்ளே போட்டால் சுவரில் வண்ணச் சக்கரம் சுற்றும். யார் பெயரில் நிற்கிறதோ அவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கைதட்டல் கேட்கும். 'நீக்கு' என்பதை அமுக்கினால் அந்தப் பெயர் மறுபடி வராது.

"ஒவ்வொண்ணையும் நானே அமுக்கிட்டு நிக்கணுமா? எனக்கு வேற சோலி இல்லியா?"

அவன் உடனே அதைத் தானாக நீக்கும்படி மாற்றிக் கொடுத்தான். கைதட்டல் நின்றதும் பெயர் போய்விடும். இவள் நன்றிகூடச் சொல்லவில்லை.

முதலில் வந்த பெயர் சொரிமுத்து, கடைசி பெஞ்சுக்காரன். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முழித்தான். "உக்காரு, மரமே" என்றாள். உட்கார்ந்தான். அடுத்த சுற்றுக்குள் கரண்ட் போய், சாயங்கால மணிக்குத்தான் திரும்ப வந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது அவன் அங்கேயே இருந்தான். அதே சட்டை. மேஜைமேல் அதே கை. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. அந்த எரிச்சலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். இசக்கிசெல்வி. அது ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. கைதட்டல் நின்றது. பக்கத்தில் இருந்தவள் தன் பையை எடுத்து இசக்கிசெல்வியின் மடிமேல், காலி இடத்தில் வைப்பதுபோல் வைத்தாள்.

அப்போதுதான் புரிந்தது, சக்கரம் நீக்கியது பெயரை மட்டுமல்ல.

மத்தியானம் ஸ்ரீஜித்திடம் ஓடினாள். "நீக்குனத திரும்பக் கொண்டு வரணும்."

"ஓசில அது கிட்டாது டீச்சரே. புதுசா டைப் பண்ணிருங்க."

டைப் செய்ய உட்கார்ந்தாள். விரல் நின்றது. அந்தப் பையன் பெயர் என்ன? அந்தப் பெண்ணுடையது? இந்தப் பிள்ளைகளின் பெயரெல்லாம் எவளுக்கு நினைவிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். திரையில் ஜினுவின் பெயர் பச்சைத் துண்டில் இருந்தது. எடுத்துவிடலாம். எடுத்தாலும் நீக்கம்தானே. கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். மடிக்கணினியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இனி சாக்பீஸ்தான்.

மறுநாள் கல்வி அதிகாரி வந்தார். சரோஜம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்ரீஜித் தன் கணினியோடு நுழைந்தான்.

"சாரே, டீச்சர் சூப்பரா ஒரு சக்கரம் வச்சிருக்காங்க. லிங்க் என் கையில உண்டு."

"வேண்டாம்!"

அவள் வெட்கப்படுகிறாள் என்று அதிகாரி சிரித்தார். அதற்குள் சுவர் வெளிச்சமானது. டிக் டிக் டிக்.

"நிறுத்துடே! நிறுத்துன்னு சொல்லுதேன்!"

டிக். டிக்.

பச்சை.

ஜினு சந்தோஷமாக எழுந்தாள். சரோஜம் பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். சுவர் இருண்டது. கைதட்டல் நிற்கவில்லை. ஸ்ரீஜித்தின் கணினிக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். அதைத் தரையில் தள்ளினாள். உடைந்தது. உடைந்த பிறகும் இரண்டு தட்டு. பிறகு அமைதி.

ஜினு உட்கார்ந்தாள்.

டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று அதிகாரியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மணி அடித்தது. மழை வலுத்தது. பிள்ளைகள் ஓடினார்கள். செல்போனில் கணவன் கூப்பிட்டான். "நனையாண்டாம். நீ ஒருத்திதான, ஒரு ஆட்டோ பிடிச்சு வா."

"மக..." என்றாள்.

"ஆரு மக?"

வாசலில் சாவிக்கொத்துச் சத்தம். "டீச்சரே, பூட்டட்டா?"

அவள் முன் பெஞ்சருகே முழங்காலிட்டு அந்தச் சின்ன முகத்தைக் கையில் ஏந்தினாள். குளிர்ந்திருந்தது. கண்கள் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தன. அம்மா என்று அறிந்த அடையாளமே இல்லை.

பிறகு, மெதுவாக, மகள் கையைத் தூக்கினாள். பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல. பின்னால் இன்னொரு கை. கடைசி பெஞ்சில் ஒரு கை. மூன்றும் உயர்ந்தபடி நின்றன, யாராவது கூப்பிடட்டும் என்று.

கூப்பிட்டால் போதும். கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

சரோஜம் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.