பார்ப்பவர்கள்: நாற்பத்தொன்று

அவள் நேரலையைத் தொடங்குவதற்கு முன்பே முதல் கருத்து வந்துவிட்டிருந்தது: “பின்னாடி நிக்கறது யாருக்கா?”

பொத்தானை விரல் இன்னும் தொடவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பதினோரு வருடம் தொலைக்காட்சியில் சிரித்த அதே சிரிப்பை முகத்தில் வரவழைத்தாள். சேனலை இழுத்து மூடிய பிறகு இந்த ஐந்தாம் மாடிப் படுக்கையறைதான் அவளுக்கு ஸ்டுடியோ. வெளியே மூன்று நாளாக விடாத மழை. அறைக்குள் காயாத துணியின் வாடை, சூடேறிய வட்ட விளக்கின் பிளாஸ்டிக் நெடி, இரண்டுக்கும் அடியில் வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு மக்கல் நாற்றம்.

“வாங்க வாங்க! டிவின்னா நான் பேசுவேன், நீங்க கேப்பீங்க. இங்க நீங்களும் பேசலாம்.”

பேசினார்கள்.

“கதவுகிட்ட ஒரு ஆள்.”

“வீட்டுக்காரரா? ஏன் சுவரப் பாத்து நிக்கறாரு?”

திரும்பினாள். திறந்த கதவு, கூடத்து இருட்டு. யாருமில்லை. திரையிலும் அவள் மட்டும்தான் தெரிந்தாள். பார்ப்பவர்கள்: நாற்பத்தொன்று.

“என்னையே பயமுறுத்தறீங்களா? போங்கப்பா!”

மூன்று பேர் போனார்கள். முப்பத்தெட்டு. பின்னால் தரையில் ஈரப்பாதம் ஒட்டி விடுபடும் சத்தம் மூன்று முறை கேட்டது.

“அக்கா, அது கிட்ட வந்துடுச்சு.”

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தான். மேசையில் கிடந்த இன்னொரு போனில் அவனைக் கூப்பிட்டாள்.

“நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்.” அவன் குரல் அவன் குரலாகவே இல்லை. “திரும்பாத. ஆளுங்க குறையக் குறையத்தான் அது நகருது. யாரையும் போக விடாத. பேசிட்டே இரு.”

“என் கண்ணுக்கு எதுவும் தெரியலையேங்க… வந்துடுங்களேன்.”

“கிளம்பிட்டேன். போலீசுக்கும் சொல்லிட்டேன். ரோடெல்லாம் தண்ணி. ஒரு மணி நேரமாவது ஆகும்மா.”

பேசினாள். பாடினாள். பழைய நிகழ்ச்சியில் நடந்த வேடிக்கைகளையெல்லாம் சொன்னாள். வீட்டு முகவரியைக் கத்தினாள். தொலைக்காட்சியில் யார் எழுந்து போனார்கள் என்பது ஒருநாளும் தெரிந்ததில்லை. இங்கே ஒவ்வொருவர் போவதும் எண்ணாகத் தெரிந்தது, காலடியாகக் கேட்டது.

“செம நடிப்பு.”

“அழ ஆரம்பிச்சுட்டாங்க. போர்.”

இருபத்தாறு. பதினான்கு.

“போகாதீங்க! கும்புடறேன், யாரும் போகாதீங்க!”

ஒன்பது. மக்கல் நாற்றம் தொண்டைவரை இறங்கியது. நான்கு. நாற்காலியின் முதுகு மெல்ல முனகியது, யாரோ கை ஊன்றினாற்போல. இரண்டு.

ஒன்று.

ஒன்றிலேயே நின்றது. நகரவில்லை.

“நீங்கதானேங்க அது?” மறுபடி அவனைக் கூப்பிட்டு, போனைக் காதோடு அழுத்தினாள். “நீங்க இருந்தாப் போதும். போயிடாதீங்க.”

மறுமுனையில் அவன் அழுதுகொண்டிருந்தான்.

“எனக்கு லைவ் கட்டாயிடுச்சும்மா. திரும்ப உள்ள வரவே முடியல. அஞ்சு நிமிஷமா நான் பாக்கவே இல்ல.”

பார்ப்பவர்கள்: ஒன்று.

திரையைப் பார்த்தாள். அதில் அவள் முகம் இல்லை. ஒரு பெண்ணின் பின்கழுத்து இருந்தது. அவளுடையது. மிக மிக அருகில். மெல்லிய முடியிழைகள் யாருடைய மூச்சுக்கோ அசைந்து, அடங்கி, மறுபடி அசைந்தன.