கடைசிச் சட்டையின் பொத்தான்கள்

வார்டுக்குள் நுழையும்போதே டாக்டருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. மூன்றாம் கட்டிலில் தையல்காரம்மா மறுபடியும் எச்சில் விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தாள். மருந்து நெடியையும் மீறி ஈரமண் வாசனை அடித்தது. எத்தனை தடவை தரையைத் துடைத்தாலும் அது போகவில்லை.

அவள் தொண்டைக்குப் பின்னால், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில், சுவர் பிதுங்கிச் சின்னப் பையாகத் தொங்கியது. வயதானால் சிலருக்கு அப்படி ஆவதுண்டு. விழுங்கியதெல்லாம் அதில் போய்த் தங்கும். நான்கு நாளாகக் குழாய் விட்டு, நாளுக்கு ஒன்றாக நான்கு பொத்தான் எடுத்தாயிற்று. இன்றைய எக்ஸ்ரேயில் ஐந்தாவது.

"வாயில பொத்தான வச்சுக்கிட்டு தைக்கிறது பழக்கம்தான். ஆஸ்பத்திரியிலயுமாம்மா?"

"நான் முழுங்கல டாக்டர். சத்தியமா."

பக்கத்தில் நின்ற மகள் வெடித்தாள். "பொய்! அப்பாவுக்குக் கடைசியா போட்ட சட்டையில இருந்ததுங்க. அறுத்து என் வீட்டுக்காரர் சட்டைக்கு வச்சோம். ஆறு பொத்தான். அலமாரியில பூட்டி வச்சும் தினம் ஒண்ணு காணோம். எப்படித்தான் அம்மா கைக்கு வருதோ!"

"வேணாம்னேன். மண்ணுக்குப் போற சட்டைக்கு எதுக்கு நல்ல பொத்தான்னு நீதானேடி அறுக்க வச்ச?"

மகள் விருட்டென்று வெளியேறினாள்.

தானே விழுங்குகிறார், மனநல வார்டுக்கு மாற்றவும் என்று டாக்டர் கடுப்போடு எழுதி வைத்தார். பிறகு குழாயை இறக்கினார். திரையில் பொத்தான் பளிச்சென்று தெரிந்தது. இடுக்கியால் பற்றி இழுத்தார்.

வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தார்.

அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள்.

நர்ஸும் பார்த்தாள். இடுக்கி ஒரு விரல்கடை உள்ளே போயிற்று. பைக்கு அடி உண்டே தவிர, அந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது.

சட்டென்று பிடி விட்டது. பொத்தான் வெளியே வந்தது, துளையில் நூலும் நூலில் சேறுமாக.

டாக்டர் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலையிலேயே அந்தப் பையை வெட்டி எடுத்தார். நாலாம் நாள் தையல்காரம்மா ஒரு டம்ளர் பாலை மடமடவென்று குடித்துவிட்டுச் சிரித்தாள். டாக்டரும் மனநல வார்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். அப்பாடா என்றிருந்தது.

மகளிடமிருந்து போன் வந்தது.

"டாக்டர், கடைசிப் பொத்தானும் காணோம். அம்மாவுக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்க."

"இப்பதாம்மா எடுத்தேன், ஒண்ணுமில்ல. எவ்வளவுதான் சொல்றது? பையையே எடுத்தாச்சு. சட்டையப் போட்டவர் எங்கயாவது விட்டிருப்பார், உங்க வீட்டுக்காரரையே கேளுங்க."



"கேட்டேன் டாக்டர்," என்றாள் அடிக்குரலில். "காலையிலேருந்து அவரால பேச முடியல."