போடியாரின் புத்தியைப் பார்க்க வந்தவர்கள்

வெள்ளம் வடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஆசியா உம்மா ஒரு தரம்கூடத் தும்மவில்லை. கொச்சிக்காய் வறுக்கிற நேரம் மருதமுனையில் அந்த வளவு முழுவதும் இருமும். பக்கத்து வீட்டுத் தறி நின்றுபோகும். இளைய மகள் றாஹிலா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவாள். ஆசியா உம்மா மட்டும் சட்டிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய், இமை கொட்டாமல், புகைக்குள் நின்று கிண்டிக்கொண்டிருப்பாள். நாற்பத்தேழு வருடம் அவளோடு வாழ்ந்த புருஷன், வயல்காரர் ஸைனுலாப்தீன் போடியாருக்குத் தெரியும், கொச்சிக்காய்ச் சாக்கைத் தூரத்தில் கண்டாலே ஏழு தும்மல் தும்முகிறவள் அவள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில், இறக்காமத்துத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தவள் ஒன்பது நாள் காணாமல் போனாள். பத்தாம் நாள் வீரமுனைச் சின்னப்போடி மாட்டு வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். ஊர் அழுதது, கட்டிப்பிடித்தது, ஆடு அறுத்துக் கந்தூரி கொடுத்தது. முகம் சரி, உயரம் சரி, காதில் அலுக்குத்துப் போட்ட துளைகளும் சரி. அது போதும் அந்த மூதேவிகளுக்கு. ஒரு மாடு வாங்கப் போனால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற சனம், வீட்டுக்குள் எடுப்பதை முகத்தை மட்டும் பார்த்து எடுத்தது.

அவர் பார்த்தார். யாராவது சிரித்தால் அவள் முதலில் அவர்களுடைய வாயைப் பார்ப்பாள், பிறகுதான் சிரிப்பாள். தொழும்போது உதடு அசையாது. அவர் தன் அறைக்குத் தாழ் போட்டுப் படுத்தால், கதவின் கீழ் இடுக்கால், குளம் வற்றும்போது வருகிற சேற்று மணம் மெல்ல மெல்ல உள்ளே வந்து பாய்க்கு அருகில் நிற்கும். அவருக்குப் பயமாக இருந்தது. எழுபத்து நாலு வயதில், யானைக் காவலுக்குத் தனியாகப் போன மனிதன், சொந்த வீட்டில் ஒரு பெண்ணின் காலடிக்குப் பயந்தார்.

பயத்தில் வாயை விட்டதுதான் அவர் செய்த மடத்தனம். பள்ளிவாசலில் வைத்து, வந்திருப்பது என் பொஞ்சாதி இல்லை என்று சொன்னார். ஊர் பரிதாபப்பட்டது. மூத்தவள் சுஹறாவின் புருஷன் மசூர் மட்டும் பரிதாபப்படவில்லை. அவனுக்கு வாயில் தேன் விழுந்தது. இறக்காமத்துப் பன்னிரண்டு ஏக்கர் வயலை றாஹிலாவுக்குச் சீதனமாக எழுதப் போடியார் முடிவு செய்திருந்தார். உறுதிப் பத்திரத்தைக் கண்ணால் காணாமல் நிக்காஹ் இல்லை என்று சாய்ந்தமருது மாப்பிள்ளை வீடு சொல்லிவிட்டது. இப்போது மசூர், மாமாவுக்கு மூளை பிசகிவிட்டது, அவர் எழுதுவது செல்லாது என்று உறுதி எழுதும் நொத்தாரிசு மக்கீனிடம் போய் ஓதிவிட்டான். உறுதி எழுதாவிட்டால், இப்போது அவன் மேற்பார்க்கிற வயல் அவன் கையிலேயே கிடக்கும். விதைக்கவும் தெரியாது, வெட்டவும் தெரியாது, கூலி ஆட்களுக்குக் கத்த மட்டும் தெரியும். அவனுக்குப் பன்னிரண்டு ஏக்கர்.

அதனால் மாசி மாதத்து வியாழக்கிழமை, லுஹர் தொழுகை முடிந்த கையோடு, போடியாரின் புத்தியைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மக்கீன் உறுதித் தாள்களோடு வந்தார். யாழ்ப்பாணத்து அப்போதிக்கரி ஒருவர் சப்பாத்துக் காலோடு விறாந்தையில் ஏறினார். காய்ச்சலுக்கும் சிரங்குக்கும் ஒரே போத்தலில் மருந்து கொடுக்கிறவர், இன்று மூளைக்கு வைத்தியர். மசூர் தலைப்பாகை கட்டி வந்திருந்தான், கல்யாண வீட்டுக்கு வந்தவன்போல.

அதற்கு முதல் நாள் றாஹிலா அவர் காலடியில் வந்து உட்கார்ந்திருந்தாள். உம்மாவைப் பற்றிய அந்தப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம், தன் வாழ்க்கை அதில்தான் தொங்குகிறது என்று அழுதாள். அவளுக்கும் முகம்தான் தெரிந்தது. ஆனாலும் பிள்ளை. அவர் தலையை ஆட்டினார்.

நடு மண்டபத்தில் கதிரைகள் போட்டிருந்தன. போடியாரின் கதிரை பின்வாசலைப் பார்த்து இருந்தது. வாசலுக்கு நேரே முற்றம், கிணறு, அதற்கப்பால் வேலி, நிலைக்கு மறைவாக ஓரத்தில் படலைக் கதவு, எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெயில். ஆசியா உம்மா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலிலும் அவள் இருந்த பக்கத்திலிருந்து குளிர் வந்தது.

அப்போதிக்கரி தொடங்கினார். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாதம், இலங்கையை இப்போது ஆளுவது வெள்ளைக்காரனா நம்மவனா. பால்குடிப் பிள்ளையிடம் கேட்பதுபோல் குரலை உயர்த்திக் கேட்டார். போடியார் பதில் சொன்னார். வயலின் நாலு எல்லை தெரியுமா என்று மக்கீன் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. வடக்கே மீராலெவ்வையின் காணி, கிழக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே காடு என்று சொல்லி, நீங்கள் எழுதியிருப்பதில் கிழக்கும் மேற்கும் மாறிக் கிடக்கிறது, முதலில் அதைத் திருத்துங்கள் என்றார். மக்கீன் தாளைப் பார்த்தார், காது சிவக்கத் திருத்தினார். புத்தியைப் பார்க்க வந்தவர்களின் புத்தி அவ்வளவுதான்.

மசூர் பொறுக்கமாட்டாமல் செருமினான்.

"முக்கியமான கேள்விய இன்னும் கேக்கல்லயே. மாமிய ஆரெண்டு கேளுங்க."

பாயில் இருந்தவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பார்வையில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. தூண்டில் போட்டவன் மிதப்பைப் பார்ப்பது மாதிரி, அவ்வளவு பொறுமை.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும். போடியார் மகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"என்ட பொஞ்சாதி. ஆசியா உம்மா."

றாஹிலா விட்ட மூச்சு எல்லாருக்கும் கேட்டது. மசூரின் முகம் தொங்கியது. மக்கீன் பேனாவை எடுத்தார். அப்போதிக்கரி மட்டும் கையை உயர்த்தினார், கடமைக்கு இன்னும் ஒன்று இருக்கிறதாம்.

அந்த நேரத்தில்தான் பின்படலையிலிருந்து குரல் வந்தது.

"சுஹறாட வாப்பா..."

நாற்பத்தேழு வருடத்தில் ஆசியா உம்மா அவருடைய பெயரைச் சொன்னதில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து இப்படித்தான். தொண்டை வறண்டு, எத்தனையோ கட்டை தூரம் நடந்து வந்தவளின் குரல்.

"சுஹறாட வாப்பா, படலயத் துறங்க. நடக்க ஏலா."

பிறகு ஒரு தும்மல்.

யாரும் திரும்பவில்லை. மக்கீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மசூர் நகத்தைக் கடித்தான். றாஹிலா சிரித்தபடி இருந்தாள். எல்லாம் மனக் கோளாறோ, வெள்ளத்தோடு தன் மூளையும் போய்விட்டதோ என்று போடியாருக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. அது ஒரு கணம்தான். பாயில் இருந்தவள் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் படலைப் பக்கம் பார்த்தாள்.

அவளுக்கும் கேட்டது.

"ஐயா," என்றார் அப்போதிக்கரி, "ஆக்கள் இல்லாத இடத்திலயிருந்து குரல் ஏதும் உங்களுக்குக் கேக்கிறதோ?"

எழும்பி ஓடலாம். பத்தடி முற்றம், ஒரு படலை. ஓடினால் பைத்தியம். பைத்தியத்தின் உறுதி செல்லாது. றாஹிலா இந்த வீட்டில் இருந்தே கிழவியாவாள், மசூர் தலைப்பாகையோடு வயலில் இறங்குவான். ஊரில் உள்ள அத்தனை பேரையும் மடையர் என்று திட்டிய போடியார் வாயைத் திறந்தார்.

"இல்ல."

"ஒண்டுமே?"

"ஒண்டும் கேக்கல்ல."

பாயில் இருந்தவள் எழும்பினாள். வந்தவர்களுக்குச் சர்பத் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வெயிலுக்குள் இறங்கினாள். அவசரப்படவில்லை. கதவு நிலையின் ஓரத்தைத் தாண்டியதும் அவள் கண்ணுக்கு மறைந்தாள்.

மக்கீன் வாசித்தார், போடியார் தாளை விட்டுக் கண்ணைத் தூக்கவில்லை. சுயபுத்தியோடும் பூரண சம்மதத்தோடும். படலை கிறீச்சிட்டது. யாருடைய தூண்டுதலுமின்றி. "அல்லாஹ், ஆரு நீ..." என்று குரல் தொடங்கியது. முடியவில்லை. எதையோ மணலில் இழுக்கிற சத்தம். நீளமாக. பிறகு தண்ணீரில் விழுந்த சத்தம்.

மக்கீன் தாளை நீட்டினார். போடியார் கையெழுத்து வைத்தார். எழுத்து நடுங்கவில்லை. அப்போதிக்கரி அதைத் தூக்கிப் பார்த்து, நல்ல தெளிவு என்றார்.

அவள் தட்டோடு வந்தாள். முதல் கிளாஸை அவரிடம் நீட்டினாள். அவள் தோளுக்குப் பின்னால், வாசலுக்கு நேரே, கிணறு.

கிணற்றுக் கட்டில் இரண்டு கைகள்.

உள்ளேயிருந்து பிடித்திருந்தன. சேறு. நகம் பிய்ந்திருந்தது. இடது சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. கல்யாணம் முடித்த வருடம் உலக்கை பட்டு வளைந்த விரல். கிளாஸைப் பிடித்திருந்த கையை அவர் பார்த்தார். அந்தச் சுண்டுவிரல் நேராக இருந்தது. இரண்டு மாதம். மாட்டின் பல்லைப் பார்க்கத் தெரிந்தவன் இதைப் பார்க்கவில்லை.

"குடிங்க வாப்பா," என்றாள் றாஹிலா.

மக்கீன் இன்னும் தன் கையெழுத்தை வைக்கவில்லை, அதுவரை உறுதி முடியாது. பேனாவில் மை இறங்கவில்லை என்று உதறிக்கொண்டிருந்தார். அப்போதிக்கரி போடியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போடியார் குடித்தார். இனித்தது.

வலது கை வழுக்கியது. போய்விட்டது. இடது கையில் ஒவ்வொரு விரலாக. அவர் கண்ணை எடுக்கவில்லை. நன்றாயிருக்கிறதா என்று அவள் கேட்டாள். ஓம் என்றார்.

வளைந்த சுண்டுவிரல் மட்டும் இன்னும் கல்லில் இருந்தது.