மத்தளக்காரனைக் கப்பலேற்றிய எடிட்டர்

"கொஞ்சம் இந்தக் காகிதக் கட்டை உங்க குடைக்குள்ள வச்சுக்கிறீங்களா?"

இசபெல் திரும்பிப் பார்த்தாள். இலங்கை மலைநாட்டு அட்டன் பஸ் நிலையத்தில் ஆடி மாத மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றவளுக்கு எதிரே, தெப்பமாக நனைந்த ஒருவன்... குள்ளமான ஆள். போட்டிருந்த கோட்டைக் கழற்றி ஒரு காகிதக் கட்டுக்குப் போர்த்தி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"கட்டுக்கு மட்டும்தான் குடையா? ஆள் நனையலாமாக்கும்?" என்றாள்.

"ஆளைப் பிழிஞ்சு காயப் போட்டுக்கலாம் டீச்சர். அச்சுக்குத் திருத்துற புரூப் நனைஞ்சா போச்சு."

அவள் கையில் இருந்த பிள்ளைகளின் பாடக் கொப்பிகளைப் பார்த்துத்தான் டீச்சர் என்றிருப்பான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டை வாங்கினாள். கோட்டின் மடிப்பு விலகியது. மேல் தாளில் 'மலைமுகில்' என்ற தலைப்பு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோர்வூட் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, இரவில் யாருக்கும் தெரியாமல் கதை எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். மாதம் தவறாமல் அந்தப் பத்திரிகையை வாங்கி, முதலில் புரட்டுவது 'எழுதிப் பார்ப்போம்' பக்கத்தைத்தான். கதையை எங்கே தொடங்குவது, எதை வெட்டுவது, எப்படி அச்சுக்கு அனுப்புவது என்று புதியவர்களுக்குப் பாடம் நடத்துகிற பக்கம் அது.

அதை எழுதுகிற சூசைரட்ணத்தை அவனுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியுமே... இந்தா, உங்க முன்னால நனைஞ்சுகிட்டு நிக்கிறான்."

திரியைத் தூண்டிவிட்ட விளக்குப் போல அவள் கண்கள் பளிச்சென்றன. அவ்வளவுதான்... சூசைரட்ணத்தின் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. மழை மறந்தது. கட்டு மறந்தது. அந்தக் கண்கள் மட்டும் நின்றன. தானும் எழுதுவதாக அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கிறிஸ்மஸுக்கு வரும் நத்தார் மலருக்கு ஒரு கதை அனுப்பும்படியும், அதைத் தானே பார்த்துத் திருத்துவதாகவும் அவன் சொன்னான். நோர்வூட் பஸ் வந்தது. கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் ஏறினாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒரு தடவை... ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஐப்பசியில் கதை வந்தது.

சரிபுதீன் முதலாளியின் கொப்பிக் கடைக்குப் பின்னால்தான் அச்சகம். 'மலைமுகில்' அவருடைய பத்திரிகை. அதற்கு எடிட்டர், புரூப் பார்ப்பவர், ஆள் வராத நாளில் எழுத்துக் கோர்ப்பவர் எல்லாம் சூசைரட்ணம் ஒருத்தன்தான். கையில் இருந்த மையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உறையைப் பிரித்தான். 'மத்தளம்' என்று தலைப்பு. முதல் பத்தி படித்தான். என்ன எழுத்து... கொழுந்து பறிக்கிற பெண்ணின் விரல்கள் குளிரில் மரத்துப்போவதை அவன் இதற்கு முன் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

இரண்டாம் பத்தியில் அவன் வந்தான்.

நல்ல உயரம். அகன்ற தோள். முறுக்கு மீசை. ஊர் ஊராகக் கூத்துக்கு மத்தளம் வாசிக்கிறவன். கொட்டும் மழையில் மத்தளத்தின் தோல் நனைந்துவிடக் கூடாதே என்று, அந்தப் பெண் தலையில் போர்த்தியிருக்கும் கம்பளிக்குள் அதை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தான் நனைந்துகொண்டு நிற்கிறான். அவள் மனதைப் பறிகொடுக்கிறாள். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. மழை விட்டதும் அவன் மத்தளத்தை வாங்கிக்கொண்டு மலையேறிப் போய்விடுகிறான்... கதை முடிந்தது.

சூசைரட்ணத்துக்கு வயிறு எரிந்தது.

கண்ணால் கண்ட ஆளை வைத்துத்தான் கதை எழுத வேண்டும் என்று அவனேதான் பாடம் நடத்தியிருக்கிறான். அப்படியென்றால் இந்த மத்தளக்காரன் எங்கேயோ இருக்கிறான். அவள் கண்டிருக்கிறாள். அந்த விளக்குக் கண்கள் அவனையும் பார்த்து எரிந்திருக்கின்றன... சீ, என்ன மனுஷன் நான், ஒரு கதைக்குப் போய் இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டியும் எரிச்சல் அடங்கவில்லை. நோர்வூட் பஸ் கண்டக்டரிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தான். அந்தத் தோட்டத்தில் மத்தளம் வாசிக்கிற ஆள் இருக்கிறான், வீரய்யா என்று பேர், நல்ல உசரம் என்று கண்டக்டர் சொல்லிவைத்தான். பாவி, அதோடு நிறுத்தியிருக்கலாம். மீசையையும் சொன்னான்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு சூசைரட்ணம் நோர்வூட் பஸ்ஸில் ஏறினான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துப் பாதையில் திரும்பியதும் கண்டுகொண்டான். ஒரு நெட்டை ஆள் நின்றான். எதிரே இசபெல். அவன் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வந்த வழியே திரும்பி, அடுத்த பஸ்ஸில் அட்டன் வந்து சேர்ந்தான்.

மறுநாள் சிவப்புப் பேனாவை எடுத்தான். முதலில் வெட்டுப்பட்டவை தோள்கள். வர்ணனை அதிகம் என்று ஓரத்தில் காரணம் எழுதினான். அடுத்து மீசை. அதற்கும் காரணம் கிடைத்தது. எடிட்டருக்குக் காரணத்துக்கா பஞ்சம்? பிறகு உயரத்தைக் குறைத்தான். குறைத்தும் ஆள் கம்பீரமாகவே நின்றதால், கையில் ஒரு சாராயப் போத்தலைக் கொடுத்தான். அப்போதும் அந்தப் பெண் அவனைப் பார்த்துக் கரைந்துகொண்டுதான் இருந்தாள். கடைசியில், கதை முடிகிற இடத்தில் அவனைத் தலைமன்னாருக்கு அனுப்பி, கப்பலேற்றி, இந்தியாவுக்கே தொலைத்துவிட்டான். அப்பாடா என்றிருந்தது.

ஈய எழுத்துகளை அவனே கோர்த்தான். புரூப்பைக் கதை எழுதியவருக்கு அனுப்பிக் காட்டிவிட்டுத்தான் அச்சேற்றுவது 'மலைமுகில்' வழக்கம். இந்தத் தடவை நேரமில்லை என்று சொல்லி அதை மேசை லாச்சிக்குள் தள்ளினான்.

சரிபுதீன் முதலாளி எல்லாவற்றையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏன் தம்பி, அந்த மத்தளக்காரன் ஒனக்கு என்ன செஞ்சான்?" என்று கேட்டார்.

அவன் எழுத்துப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான். அவரும் மேலே கேட்கவில்லை. அவன் சாப்பிடப் போன நேரம் லாச்சியைத் திறந்து, புரூப்பை ஒரு உறையில் போட்டு, நோர்வூட் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் குடையும் கையுமாக இசபெல் அச்சகத்துக்குள் நுழைந்தாள். முதலாளி சட்டென்று கடைப்பக்கம் நழுவினார். சூசைரட்ணம் எழுந்து நின்றான். அந்தக் கண்கள் இன்றைக்கும் எரிந்தன... ஆனால் அது வேறு நெருப்பு.

புரூப்பை அவன் முன்னால் வைத்தாள். வர்ணனையை வெட்டினதற்குத் தான் வருத்தப்படவில்லை, அது எடிட்டர் வேலை என்றாள். குடிகாரனாக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"ஆளுங்களை இந்தியாவுக்கு அனுப்புறதா ஒப்பந்தம் போட்டதுல இருந்து எங்க லயத்துல யாரு போறது, யாரு இருக்கிறதுன்னு இதே பேச்சு. ராத்திரி தூக்கம் இல்ல. அவங்ககிட்டத்தான் இந்த மலரைக் கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டணும்னு இருந்தேன். கதையிலயாச்சும் ஒருத்தன் இங்கேயே இருக்கட்டும்னு நான் வச்சிருந்தேன். அவனையும் கப்பல்ல ஏத்திட்டீங்களே... அவன் என்ன பண்ணினான் உங்களுக்கு?"

அவன் தலை குனிந்தது. தன் எரிச்சலில் எதைத் தொட்டுவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பொறாமை பிடித்தவனின் நாக்கு எங்கே சொன்னபடி கேட்கும்? வீரய்யாவுக்கு மனசு நொந்திருந்தால் தான் வந்து பேசுவதாகச் சொன்னான்.

இசபெல் விழித்தாள். "எந்த வீரய்யா? எங்க வீரய்யா அண்ணனா? அவரு மகள் என் வகுப்புல படிக்குது. மத்தளம் நனைஞ்சா என்ன ஆகும்னு அவருகிட்டத்தான் கேட்டேன். தோல்ல ஏறுற ஈரம் கல்யாணம் கட்டின மாதிரி, ஒருக்கா வந்தா விடாதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. அவரை எதுக்கு இழுக்குறீங்க?"

"அப்ப... கதையில வர்றது யாரு?"

குடையின் பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு, ஆனி மாத இதழில் வந்த பாடம் நினைவிருக்கிறதா என்று கேட்டாள். கண்டதை எழுதச் சொன்ன பாடம்தானே என்றான்.

"பாதியைத்தான் சொல்றீங்க. மீதியையும் நீங்கதான் எழுதினீங்க. கண்ட ஆளை வச்சு எழுதுங்க, ஆனா அந்த ஆளே படிச்சாலும் தன்னைக் கண்டுபிடிக்க முடியாதபடி மாத்திப்புடுங்கன்னு. நான் அப்படியே செஞ்சேன். குடையைக் கம்பளியாக்கினேன். காகிதக் கட்டை மத்தளமாக்கினேன். ஆளு குள்ளம்... அதனால உசரமா எழுதினேன்."

சூசைரட்ணம் புரூப்பின் இரண்டாம் பத்தியை மறுபடி பார்த்தான். அன்றைக்கு அவளைப் பார்த்ததில், கட்டைக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்து நின்றதை அவன் அடியோடு மறந்திருந்தான்.

"காதலை வாயால சொல்ல விடாதீங்கன்னு ஒரு பாடம் இருந்திச்சு. அதையும் கேட்டேன். நல்ல மாணவியாத்தான் இருந்திருக்கேன்," என்றாள் இசபெல். கண் நிறைந்துவிட்டது. அவன் பார்ப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

ஓடு என்றது அவன் மனம். என்ன முகத்தோடு போவாய் என்றது இன்னொரு மனம். பாடம் நடத்துகிறவன், ஊருக்கெல்லாம் பிழை திருத்துகிறவன், தன்னையே அடையாளம் தெரியாமல் தன்மேலேயே பொறாமைப்பட்டு, தன்னையே கப்பலேற்றியவன்... இதை வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

"சிரிக்கட்டும் தம்பி, போ," என்றார் கதவோரம் நின்ற முதலாளி. அவன் வாய்விட்டுத்தான் பேசியிருக்கிறான் போலும்.

புரூப்பை அள்ளிக்கொண்டு ஓடினான். பாதி வழியில் மழை பிடித்தது. பஸ் நிலையத்தில் அதே ஓரத்தில், அதே குடையின் கீழ் அவள் நின்றாள். மூச்சிரைக்க வந்து நின்றவனைப் பார்த்தாள். கட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை. குடைக்குள் தானே வந்து நின்றான். கட்டைப் பிடித்திருந்த கை மட்டும் வெளியே மழையில் இருந்தது.

"புரூப் நனையுதுங்க..."

"நனையட்டும். பிழிஞ்சு காயப் போட்டுக்கலாம். ஆள் நனைஞ்சது போதும் டீச்சர்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்த மத்தளக்காரன் மேல எனக்கு அவ்வளவு பொறாமை. நீங்க அவனைப் பார்த்த மாதிரி என்னை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சுத்தான் எல்லாம் பண்ணிட்டேன். அந்தப் பாடத்தை இன்னைக்கே வெட்டிடுறேன், வாயாலயே சொல்லிடுறேன். எனக்கு உங்க மேல உசிரு. கட்டிக்கிறீங்களா... இசபெல்?"

முதன்முதலாக அவன் வாயில் அவள் பெயர். நோர்வூட் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்தான், மணி அடித்துப் பார்த்தான், கடைசியில் சிரித்துக்கொண்டே பஸ்ஸை எடுக்கச் சொன்னான். அவள் ஏறவில்லை.

"முதல்ல கப்பல்ல ஏத்தின ஆளை இறக்குங்க," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

"இப்பவே போய் இறக்கிடுறேன்."

"நானும் வர்றேன்... கடைசி வரியை மாத்தணும். அந்தப் பொண்ணு இந்தத் தடவை வாயாலயே சொல்லிட்டாள்னு எழுதணும்."

குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி, அவள் அச்சகத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.